மடிக்கணினியின் வெப்பம் தணிப்போம்

தோட்டக் கூட்டுறவுக் கடைகள் பலவற்றின் கணக்கு வழக்குகள் இன்று மடிக்கணினியில் அடங்கியுள்ளன. அது திடீரென நின்றுவிட்டால், சேமிக்காத கணக்கு அழிந்துபோகும்.

கணினியின் செயலியில் எழும் வெப்பத்தைச் செப்புக் குழாய் கடத்திச் செல்ல, சிறு விசிறி அதனை வெளியேற்றுகிறது. காற்றுத் துளைகளில் தூசி அடைத்தாலும், செயலியின் மீது பூசிய வெப்பக் களிம்பு உலர்ந்தாலும் வெப்பம் தேங்கும். ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை எட்டும்போது பெரும்பாலான செயலிகள் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கின்றன. மேலும் சூடேறினால் கணினி தானே நின்றுவிடும்.

ஆகவே, கணினியை மெத்தையில் வைக்காது மேசைமீது வைப்போம். மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே தூசி அகற்றுவோம். ஊதும்போது விசிறியைச் சுழலவிடாது பிடித்துக்கொள்வோம். களிம்பு மாற்றும் பணியைப் பழுதுபார்ப்பவரிடம் விடுவோம். மின்கலம் உப்பியிருந்தாலோ உடனே பயன்பாட்டை நிறுத்துவோம், அது தீப்பற்றக்கூடும். அன்றாடக் கணக்கை வேறோரிடத்திலும் படியெடுத்து வைத்தல் நம் கடமையாகும்.