களத்தில் ஒரு கறுப்புப் பொட்டு

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைமேல் உள்ள காவலூருக்கு ஏறும் வண்டி எதுவும் சும்மா ஏறுவதில்லை. வளைவுக்கு வளைவு முதல் கியர், சூடேறிய இன்ஜின், பள்ளத்தில் விழுந்து அடிவாங்கும் ஆயில் சம்ப். மேலே போய் நிறுத்திவிட்டுத் தூங்கி எழுந்தால், வண்டிக்கு அடியில் ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பொட்டு. 1986-ல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்த பிறகு, வானத்தைப் பார்க்க ஏறிவரும் வண்டிகள் உண்டு. அதைவிட, சாமையும் புளியும் பலாவும் ஏற்றிப்போக வரும் மினி வேன்கள் உண்டு. பொட்டு வைப்பதில் எந்த வண்டியும் பாகுபாடு பார்ப்பதில்லை.

நகரத்துக்காரருக்கு இது போர்டிகோ அழுக்கான கவலை. ஜவ்வாது மலையில் சிமென்ட் தரை வண்டிக்காகப் போட்டதல்ல. அது களம். சாமை காய்வதும் கேழ்வரகு அடிப்பதும் புளி உடைப்பதும் அங்கேதான். ராத்திரி சமதளமாகக் கிடைக்கிறதே என்று வேனை ஏற்றி நிறுத்திவிட்டுப் போகிறவர், ஊர் சாப்பாட்டின் மேல் நிறுத்திவிட்டுப் போகிறார்.

சிமென்ட் பார்க்கத்தான் கல். உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள். சிந்திய ஆயிலைத் திரி மண்ணெண்ணெயை இழுப்பதுபோல அது உறிஞ்சிக்கொள்ளும். இன்ஜின் ஆயில் சிமென்டை அரிப்பதில்லை என்பது உண்மை. நம் சமையல் எண்ணெயாவது புளித்து மெல்ல அரிக்கும். ஆனால் உள்ளே போன ஆயில் வெயில் ஏறினால் மறுபடி மேலே கசியும். அதன் மேல் காயும் தானியத்தில் வாடை ஏறும். தார்ச்சாலையின் கதை வேறு. டீசலும் ஆயிலும் தாரையே கரைக்கும், ஜல்லி பெயரும். அதே இடத்தில் முதல் தூறல் விழுந்தால் அடுத்து வருகிற பைக் சறுக்கும்.

பொட்டைத் துடைக்கும் முன் அதைப் படிக்க வேண்டும். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்துவையுங்கள். தெளிந்த தண்ணீர் என்றால் ஏசி தண்ணீர், கவலை வேண்டாம். பச்சையோ இளஞ்சிவப்போ என்றால் கூலன்ட். கறுப்பும் பழுப்பும் இன்ஜின் ஆயில்: பெரும்பாலும் வடிகால் போல்ட்டின் வாஷரோ, ஆயில் சீலோ, கேஸ்கெட்டோ போயிருக்கும், நேரத்தோடு பார்த்தால் சின்னச் செலவில் முடியும். சக்கரத்துக்கு உள்பக்கமாக, வெளிறிய மஞ்சளில், விரலில் வழுக்குகிற திரவம் என்றால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்த வண்டியை மலையில் இறக்கவே கூடாது. மெக்கானிக்கை மேலே வரச்சொல்லுங்கள். கோளாறு தெரிந்தே பொது இடத்தில் வண்டி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவில் குற்றமும்கூட.

கறை எடுக்க நம் ஆட்கள் முதலில் தேடுவது பெட்ரோல், அடுத்தது ஆசிட். இரண்டும் தப்பு. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ஆயிலை இளக்கி இன்னும் ஆழத்துக்கு இறக்கும், தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. ஆசிட் ஆயிலைத் தொடாது, சிமென்டைத்தான் தின்னும். ஈரம் காயாத கறை என்றால் அடுப்புச் சாம்பலோ மரத்தூளோ காய்ந்த களிமண்ணோ கொட்டி, சில மணி நேரம் விட்டு, கூட்டி அள்ளுங்கள். எண்ணெய்ப் பாத்திரத்துக்குச் சாம்பல் போட்ட பாட்டிக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. பழைய கறைக்குச் சலவைச் சோடாவையும் களிமண்ணையும் கூழாகக் குழைத்து விரல் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் ஒரு ராத்திரி மூடிவைத்து, காலையில் சுரண்டித் தேய்க்க வேண்டும். ஒரே தடவையில் போகாது. மூன்றாவது தடவையில் மங்கும். முழுக்கப் போகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

சுரண்டியதை எங்கே போடுவது? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். குழாயைத் திறந்து கழுவிவிட்டால் ஆயில் ஓடைக்குப் போகிறது. செய்யாறு பிறப்பது இந்த மலையில். பாலாற்றுக்கும் இங்கிருந்து தண்ணீர் இறங்குகிறது. ஒரு காரில் ஒரு தடவை மாற்றும் ஆயில், பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. கெட்ட பிறகு என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் இருக்கிறது. அங்கே அனல் மின் நிலையக் கழிவு எண்ணெயால் கிணறுகள் கெட்டன. வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் வரை போய், பாதிக்கப்பட்டவர்களுக்கு நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பானது. பணம் கிணற்றை இறைத்துத் தராது, அது வேறு.

நம் நாட்டில் கழிவு ஆயில், 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி அபாயகரக் கழிவு. சாக்கடையிலோ நிலத்திலோ ஊற்றக் கூடாது. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போய்ச்சேர வேண்டும். 2024 ஏப்ரல் முதல், விற்ற ஆயிலைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு அதைத் தயாரிக்கும் நிறுவனங்கள் மேலேயே விழுந்திருக்கிறது. அதனால் ஒர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்றும்போது, பழைய ஆயில் எங்கே போகிறது என்று கேட்பது வம்பல்ல, உரிமை. வீட்டில் மாற்றுகிறவர்கள் மூடியுள்ள டின்னில் பிடித்து அங்கேயே கொடுக்கலாம். கரையானுக்கு மரத்தில் பூசுவது, சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவது எல்லாம் பழக்கத்தில் இருக்கிறது. கையுறை இல்லாமல் தொட்டுப் பழகியவர்கள் கவனிக்க: சுத்திகரிக்காத கனிம எண்ணெய் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை எப்போதோ வகைப்படுத்திவிட்டது.

கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தில் ஊன்றிய இடம் இந்த மலையடிவாரம்தான் என்று சொல்லலாம். வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. ஒரு வேன் சொட்டுக்கு உச்ச நீதிமன்றமா என்று சிரிக்கலாம். வழக்குக்குப் போக வேண்டாம், நியாயம் யார் பக்கம் என்று பேச அது போதும்.

நடைமுறையில் என்ன செய்வது? சர்வீஸ் செய்து வந்த மறுநாளே ஒழுகினால் பில், ஜாப் கார்டு, தேதி தெரியும் படம் மூன்றையும் எடுத்துவைத்து எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் திட்டுவது புகாரில் சேராது. பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதுவும் பலிக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். யாராவது ஓடையிலோ கிணற்றோரத்திலோ ஆயிலை ஊற்றினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் திருப்பத்தூர் ஆட்சியர் அலுவலகத்துக்கும் மனு கொடுக்கலாம். முதல்வரின் உதவி மையம் 1100.

களத்துக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு வரித் தீர்மானம் போதும்: களத்தின் மேல் வண்டி ஏறக் கூடாது. அதோடு வண்டி நிற்பதற்கு ஓர் இடத்தையும் ஊரே காட்டிவிட வேண்டும், மணலும் ஒரு டப்பா சாம்பலும் வைத்து. இடம் காட்டாவிட்டால் ராத்திரி வருகிற டிரைவர் வேறெங்கே போவார், மறுபடி களத்துக்குத்தான்.