ஆட்டம் பிடிக்கும், ஆளைப் பிடிக்காது!



நீங்கள் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஓர் ஒழுங்கையில் குடியிருப்பவராக இருக்கலாம். கொட்டாஞ்சேனையில், அடுத்த வீட்டுச் சத்தமும் காதில் விழும் நெருக்கத்தில் வாழ்பவராகவும் இருக்கலாம். எங்கிருந்தாலும், இலங்கை அணி விளையாடும் நாளில் உங்கள் வீட்டிலும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் ஒரு கூட்டம் கூடும். அப்போது உங்கள் மகன், "வாப்பா, அவர் நல்லாத்தான் விளையாடுறார். ஆனா எனக்கு அவரைப் பிடிக்கவே இல்ல" என்று சொன்னால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

"விளையாட்டை விளையாட்டாகப் பார்" என்று சொல்லி வாயை அடைத்து விடாதீர்கள். பிள்ளை சொன்னது சின்ன விஷயமல்ல. திறமை வேறு, நடத்தை வேறு என்று அவன் பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

கொழும்பு ரசிகர்கள் இப்படிச் சொல்லும் வீரர்களில் முதலிடம் யாருக்கு என்று கேட்டால், பலர் வங்காளதேச அணியின் ஷகிப் அல் ஹசனின் பெயரைத்தான் சொல்வார்கள்.

அவரது திறமையை யாரும் மறுக்க முடியாது. சர்வதேசப் போட்டிகளில் 14,000க்கும் மேற்பட்ட ஓட்டங்கள், 700க்கும் மேற்பட்ட விக்கெட்டுகள். 2019 உலகக் கிண்ணத்தில் மட்டும் 606 ஓட்டங்களும் 11 விக்கெட்டுகளும். சின்னஞ்சிறு அணி என்று பலர் எள்ளி நகையாடிய காலத்தில் தன் நாட்டைத் தோளில் சுமந்தவர் அவர். பிறகு ஏன் இந்த வெறுப்பு?

கெத்தாராமவில் ஓர் இரவு

2018 மார்ச் 16. கொட்டாஞ்சேனையிலிருந்து அதிக தூரமில்லாத கெத்தாராம ஆர். பிரேமதாச மைதானம். சுதந்திரத்தின் 70ஆவது ஆண்டை முன்னிட்டு நடந்த சுதந்திரக் கிண்ணத் தொடரில், இறுதிப் போட்டிக்குத் தகுதி பெறுவது இலங்கையா வங்காளதேசமா என்பதைத் தீர்மானிக்கும் ஆட்டம் அது. கடைசி ஓவரில் வங்காளதேசத்துக்குத் தேவை 12 ஓட்டங்கள். இசுரு உதான வீசிய முதல் இரண்டு பந்துகளும் உயரமாக எழும்பிச் சென்றன. இரண்டாவது பந்தை 'நோ போல்' என்று அறிவிக்க வேண்டும் என்றது வங்காளதேச அணி. நடுவர்கள் இணங்கவில்லை.

எல்லைக் கோட்டருகே நின்ற அணித்தலைவர் ஷகிப், களத்தில் நின்ற துடுப்பாட்ட வீரர்களை வெளியே வந்துவிடும்படி கைகாட்டி அழைத்தார். ஆட்டம் நின்றது. வாக்குவாதம் மூண்டது. ஒருவாறு ஆட்டம் மீண்டும் தொடர, மஹ்முதுல்லா சிக்ஸர் அடித்து, ஒரு பந்து மீதமிருக்க வென்று கொடுத்தார். பின்னர் அந்த அணியின் உடைமாற்றும் அறைக் கண்ணாடிக் கதவு உடைந்து கிடந்தது. ஷகிப் தன் மீதான குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டார். போட்டிக் கொடுப்பனவில் 25 சதவீதம் அபராதமாக விதிக்கப்பட்டது.

முறைப்பாடு செய்தது தவறா? இல்லை. அநியாயம் நடந்துவிட்டது என்று நினைத்தால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்பது வேறு, ஆட்டத்தையே தூக்கியெறியப் போவது வேறு.

இன்னொன்றையும் கேளுங்கள். அன்று அந்த அணியின் பயிற்றுவிப்பாளராக இருந்தவர் கோர்ட்னி வோல்ஷ். 1987 உலகக் கிண்ணத்தில், லாகூரில், பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிப் பந்தை வீச வந்தவர் இவர்தான். எதிர் முனையில் நின்ற சலீம் ஜாபர் முன்கூட்டியே கோட்டை விட்டு வெளியேறியிருந்தார். ஸ்டம்பைத் தட்டியிருந்தால் மேற்கிந்தியத் தீவுகளுக்கு வெற்றி. விதியும் இடங்கொடுத்தது. வோல்ஷ் தட்டவில்லை. திரும்பிப் போய்ப் பந்தை வீசினார். பாகிஸ்தான் வென்றது. அந்த முறை மேற்கிந்தியத் தீவுகள் அரையிறுதிக்குப் போகவில்லை. தோற்றவரின் பெயரை இத்தனை ஆண்டுகள் கழித்தும் நாம் மரியாதையோடு சொல்கிறோம் அல்லவா?

ஷகிப்பின் கதை கெத்தாராமவோடு முடியவில்லை. 2021 ஜூனில் டாக்காவில், நடுவர் ஆட்டமிழப்புக் கொடுக்காத கோபத்தில் ஸ்டம்பைக் காலால் உதைத்தார். மூன்று போட்டிகளில் விளையாடத் தடை. 2023 நவம்பர் 6ஆம் திகதி டெல்லியில், நம் கொழும்புப் பிள்ளை அஞ்சலோ மெத்யூஸின் தலைக்கவசப் பட்டி அறுந்து போக, நேரம் கடந்துவிட்டது என்று முறையிட்டு அவரை ஆட்டமிழக்கச் செய்தார். சர்வதேச கிரிக்கெட்டில் அப்படி ஆட்டமிழந்த முதல் வீரர் மெத்யூஸ்தான். முறையீட்டை மீளப் பெறும் உரிமை ஷகிப்புக்கு இருந்தது. அவர் பெறவில்லை. ஆட்டம் முடிந்த பின் இரு அணியினரும் கைகுலுக்கவும் இல்லை.

நமக்குள் எழும் கேள்வி

இங்கேதான் நம் வீடுகளில் ஒரு சங்கடம் எழுகிறது. சுதந்திரக் கிண்ணத் தொடர் ஆரம்பமான அதே 2018 மார்ச் 6ஆம் திகதிதான், கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் நம்மவர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்ததையடுத்து, நாட்டில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. பயம் நெஞ்சை விட்டு அகலாத நாட்கள் அவை. அந்த வேளையில், நம் பிள்ளைகளின் பெயரைப் போன்ற பெயருடைய ஒருவர் மீது ஊரே ஆத்திரப்பட்டபோது, நம்மில் எத்தனை பேர் வாய் திறக்கத் தயங்கினோம்? பெயரில் நம்மவர் என்பதற்காக அவர் செய்ததை நியாயப்படுத்தலாமா? நாட்டுப்பற்றைக் காட்ட மற்றவர்களை விட உரத்துத் திட்ட வேண்டுமா?

இரண்டுமே வேண்டாம். தவறைத் தவறு என்று சொல்லப் பெயரும் தேவையில்லை, கொடியும் தேவையில்லை. ஒருவர் மீதுள்ள கோபம் நீதியை மறக்கச் செய்யக் கூடாது என்ற பாடம் நமக்குப் புதியதுமல்ல.

இரண்டு நாள் கழித்து நடந்த இறுதிப் போட்டியில் கெத்தாராம ரசிகர்கள் இந்தியாவின் பக்கம் நின்றார்கள். சென்னைக்காரர் தினேஷ் கார்த்திக் கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்தபோது மைதானமே அதிர்ந்தது. அது ரசிகனின் கோபம், அதில் பிழையில்லை. ஆனால் அந்தக் கோபம் ஒரு வீரரைத் தாண்டி அவரது நாட்டார் மீதும், அவரைப் போன்ற பெயருடையோர் மீதும் பாயத் தொடங்கினால், அதற்குப் பெயர் ரசனையல்ல.

நம் முதுகையும் பார்ப்போம்

2010 ஆகஸ்ட் 16ஆம் திகதி தம்புள்ளையில் நடந்தது நினைவிருக்கிறதா? இந்தியாவின் வெற்றிக்கு ஒரே ஓட்டம். 99 ஓட்டங்களுடன் நின்ற சேவாக்கின் சதத்தைத் தடுக்க சுராஜ் ரண்டிவ் வேண்டுமென்றே 'நோ போல்' வீசினார். சேவாக் சிக்ஸர் அடித்தும் அது கணக்கில் சேரவில்லை. ரண்டிவ்வுக்கு ஒரு போட்டித் தடை. இதில் சம்பந்தப்பட்ட திலகரத்ன டில்ஷானுக்கு அபராதம். தண்டித்தது நமது கிரிக்கெட் சபைதான். அதை எண்ணி வெட்கப்படுவதோடு கொஞ்சம் பெருமையும் படலாம். டெல்லியைப் பற்றிப் பேசும்போது தம்புள்ளையை மறந்துவிட்டால், நமது கோபம் நேர்மையான கோபமல்ல.

ஆகவே வாசகர்களே, மகன் அடுத்த முறை "எனக்கு அவரைப் பிடிக்கல்ல" என்று சொன்னால், "ஏன்?" என்று கேளுங்கள். "அவர் நம்மைத் தோற்கடித்தார்" என்றால், தோல்வியைத் தாங்கப் பழக்குங்கள். "அவர் நடந்துகொண்ட விதம் சரியில்லை" என்றால் தட்டிக் கொடுங்கள். அத்தோடு நின்றுவிடாமல் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "நேற்று ஒழுங்கையில் விளையாடும்போது பந்து உன் மட்டையில் பட்டதே, நீயாகச் சொன்னாயா?"

அதற்கு அவன் தலை குனிந்தால் கவலைப்படாதீர்கள். நாளைக்குச் சொல்வான்.