இந்திய மகளிர் ரக்பியின் முதல் வெற்றி: யார் இந்த சுமித்ரா நாயக்?

இந்திய மகளிர் ரக்பி அணி, அணிக்கு 15 பேர் ஆடும் முறையில் தனது முதல் சர்வதேச வெற்றியை 2019 ஜூனில் பெற்றது. பிலிப்பைன்ஸில் நடைபெற்ற ஆசிய ரக்பி மகளிர் சாம்பியன்ஷிப் முதல் டிவிஷன் போட்டியில் சிங்கப்பூரை 21-19 என்ற கணக்கில் வீழ்த்தியது. இறுதி நிமிடங்களில் பந்தை உதைத்து வெற்றியை உறுதி செய்தவர், 19 வயது சுமித்ரா நாயக்.

யார் இவர்?

ஒடிசா மாநிலம் ஜாஜ்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர். புவனேஸ்வரில் பழங்குடியின மாணவர்களுக்காக இயங்கும் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தில் தங்கிப் பயின்றவர். ரக்பியைக் கற்றதும் அங்குதான். 2016-இல் துபாயில் நடைபெற்ற 18 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றிருந்தார்.

அந்த உதை ஏன் முக்கியம்?

ரக்பியில் எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதித்தால் 5 புள்ளிகள். இது 'டிரை' எனப்படுகிறது. அதைத் தொடர்ந்து பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் மேலும் 2 புள்ளிகள். எதிரணி விதிமீறலில் ஈடுபட்டால் கிடைக்கும் பெனால்டி உதைக்கு 3 புள்ளிகள். 18-19 எனப் பின்தங்கியிருந்த இந்தியாவை, சுமித்ராவின் பெனால்டி உதை முன்னிலைக்குக் கொண்டு சென்றது. உதை தவறியிருந்தால் வெற்றி கைநழுவியிருக்கக்கூடும்.

உடன் ஆடியவர்கள்

புனேயைச் சேர்ந்த பிசியோதெரபி மருத்துவர் வாபிஸ் பரூச்சா அணிக்குத் தலைமை வகித்தார். தடகளத்திலிருந்து ரக்பிக்கு வந்த பிகாரின் ஸ்வீட்டி குமாரி, அதே ஆண்டில் 'ஸ்க்ரம் குயின்ஸ்' இணையதளத்தின் சிறந்த சர்வதேச இளம் வீராங்கனை விருதைப் பெற்றார். 15 பேர் ஆட்டத்தில் இந்திய மகளிர் அணி 2018-இல்தான் சிங்கப்பூரில் அறிமுகமானது என்பது குறிப்பிடத்தக்கது.

முன்னுள்ள சவால்

15 பேர் ஆட்டம் 80 நிமிடங்கள் நடைபெறும். ஒலிம்பிக்கில் இடம்பெறுவதோ 14 நிமிடங்களில் முடியும் எழுவர் ஆட்டம். 2016 முதல் ஒலிம்பிக்கில் உள்ள இந்த ஆட்டத்துக்கு இந்திய மகளிர் அணி இதுவரை தகுதி பெறவில்லை. மகளிர் உலகக் கோப்பையிலும் இந்தியா ஆடியதில்லை.

2025 செப்டம்பரில் லண்டன் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்து கோப்பை வென்ற இறுதி ஆட்டத்தை 81,885 பேர் நேரில் கண்டனர். அந்த மேடைக்கும் இந்திய வீராங்கனைகளுக்கும் இடையே தொலைவு அதிகம். எனினும், வெற்றி சாத்தியம் என்பதை ஒரு மாணவியின் உதை நிரூபித்துள்ளது.