மார்கழிக் களியும் கிறிஸ்துமஸ் கேக்கும் – மளிகைக் கடைக்காரர் அறிய வேண்டியவை



மார்கழி மாதம் நம் கடலூர் மாவட்டத்து மளிகை வியாபாரத்துக்குத் தனியான மாதம். சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம், கடலூரில் கிறிஸ்துமஸ், பிறகு புத்தாண்டு, பொங்கல் என்று பண்டிகைகள் வரிசையாக வருகின்றன. ஆனால் மழையும் வெள்ளமும் அடித்து ஓய்கிற நேரமும் அதுதான். வேலை இல்லாத வீடுகளில் கையில் காசு இருக்காது. பிள்ளைகளுக்கோ பண்டிகை வேண்டும். அந்த வீட்டு அம்மா நம் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, கொஞ்சமா செய்யணும், என்னென்ன வேணும்?" என்று கேட்டால், பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரர் பிழைப்பார். தெரியாதவரிடம் வந்தவர் பெரிய கடைக்கோ, செல்போனில் ஆர்டர் எடுக்கும் கம்பெனிக்கோ போய்விடுவார். நம்மிடம் இருந்து அவர்களிடம் இல்லாதது இந்தப் பேச்சு ஒன்றுதான்.

முதலில் களி. விறகு விற்றுப் பிழைத்த சேந்தனார், மழையில் விறகு விலை போகாத நாளில், வீட்டில் இருந்த மாவைக் களியாக்கிச் சிவனடியாருக்குப் படைத்தார் என்றும், மறுநாள் தில்லைச் சன்னதியில் களிச் சிதறல் கிடந்தது என்றும் வரலாறு சொல்வார்கள். இல்லாத வீட்டில் பிறந்த பலகாரம் இது. ஆகவே களிக்குச் செலவு அதிகம் என்று எந்த வாடிக்கையாளரையும் நாம் திருப்பி அனுப்பக் கூடாது.

ஐந்து பேருக்குக் கணக்கு: பச்சரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம், வெல்லம் 300 கிராம், நெய் 50 கிராம், தேங்காய் அரை மூடி, ஏலக்காய் நான்கு, முந்திரி ஒரு கைப்பிடி. அரிசியையும் பருப்பையும் தனித்தனியே சிவக்க வறுத்து ரவையாக உடைத்து, ஒரு பங்கு ரவைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்து வேகவிட்டு, வடிகட்டிய வெல்லப்பாகைச் சேர்த்துக் கிளறுவது முறை. ரவை வேகுமுன் பாகை ஊற்றினால் அப்புறம் வேகாது. இதை நாம் சொல்லியனுப்ப வேண்டும். வெல்லம் பளிச்சென்று மஞ்சளாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அந்த நிறம் பல நேரம் ஹைட்ரோஸ் போட்டு வருவது. கறுத்த வெல்லமே நல்லது என்று விளக்கினால் ஏற்றுக்கொள்வார்கள்.

களிக்குத் துணை ஏழுகறிக் கூட்டு. பரங்கி, பூசணி, அவரை, வாழைக்காய், சர்க்கரைவள்ளி, சேப்பங்கிழங்கு, மொச்சை என்று அந்தப் பருவத்துக் காய்களே போதும். காய்க்கடைக்காரர்கள் ஒவ்வொன்றிலும் 100 கிராம் வீதம் கலந்து ஒரு கூறாக வைத்தால், வீட்டுக்காரருக்கும் வீண் இல்லை, நமக்கும் தேக்கம் இல்லை.

சரக்கு எடுப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிறிஸ்துமஸ் தேதி மாறாது. திருவாதிரை நட்சத்திரத்தைப் பார்த்து வருவது. 2023-இல் டிசம்பர் 27-ஆம் தேதி வந்தது. அடுத்தது 2025 ஜனவரி 13, அதற்கடுத்தது 2026 ஜனவரி 3. எனவே போன வருடத் தேதியைப் பார்த்து வெல்லம் இறக்காமல், பஞ்சாங்கத்தைப் பார்த்து இறக்குங்கள்.

அடுத்தது கேக். 1883-இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர் கிறிஸ்துமஸ் கேக் செய்ததுதான் நம் நாட்டில் முதல் என்று சொல்லப்படுகிறது. இன்று கடலூர் முதுநகரிலும் மஞ்சக்குப்பத்திலும் அடுப்படியிலேயே கேக் செய்யும் குடும்பங்கள் பல. ஓவன் வேண்டியதில்லை. அடிகனமான பாத்திரத்தில் மணலோ உப்போ பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கி, மாவுத் தட்டை உள்ளே வைத்துச் சிறு தீயில் முக்கால் மணி நேரம் விட்டால் வெந்துவிடும். குக்கரில் செய்வோர் காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். மைதா 200 கிராம், பொடித்த சர்க்கரை 150 கிராம், வெண்ணெய் 100 கிராம், முட்டை மூன்று, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உலர்பழமும் டூட்டி ஃப்ரூட்டியும் 100 கிராம். பழத்தை முதல் நாளே ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்தால் போதும்.

இதில் எங்கள் கடையில் நடந்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஒரு அம்மா பேக்கிங் பவுடர் கேட்டார். இருப்பு இல்லை. "எல்லாம் ஒன்றுதான்" என்று ஆப்பசோடாவைக் கட்டிக் கொடுத்தோம். கேக் கசந்துவிட்டது. முட்டையும் வெண்ணெயும் வீண். வீட்டில் பிள்ளைகள் ஏமாந்தன. அவர் சண்டைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் கடைப் பக்கமே வரவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இரண்டும் ஒன்றல்ல. ஆப்பசோடா வெறும் காரம். தயிர், மோர், எலுமிச்சை போன்ற புளிப்பு சேர்ந்தால்தான் பொங்கும். புளிப்பு இல்லாவிட்டால் கசக்கும். பேக்கிங் பவுடரில் காரமும் புளிப்பும் மாவுப்பொருளோடு கலந்தே இருக்கும். ஈரமும் சூடும் பட்டால் தானே பொங்கும். ஆகவே ஈரக்காற்று பட்டால் டப்பாவிலேயே சத்து போய்விடும். ஒரு சிட்டிகையை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். நுரைத்தால் நல்லது, சும்மா கிடந்தால் விற்காதீர்கள்.

முந்திரியிலும் ஒரு சொல். 2011 டிசம்பர் 30 தானே புயலில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகள் சாய்ந்ததை நாம் மறக்கவில்லை. அந்தச் சரக்கை ஆதரிப்பது நம் கடமை. களிக்கும் கேக்குக்கும் முழுப் பருப்பு தேவையில்லை. பாதிப் பருப்பும் துண்டும் போதும், விலையும் குறைவு. கேட்காவிட்டாலும் அதைச் சொல்லுங்கள்.

பண்டிகை இல்லாத இரவுகளுக்குச் சிதம்பரமே வழி காட்டியிருக்கிறது. சம்பா சாதமும் கொத்சும் தில்லையில் பேர்போனவை. வடித்த சாதத்தில் மிளகு, சீரகம், நெய். கொத்சுக்குக் கால் கிலோ கத்தரிக்காய், எலுமிச்சை அளவு புளி, வறுத்தரைத்த தனியா, கடலைப்பருப்பு, மிளகாய். வேறொன்றும் வேண்டாம். மிளகையும் சீரகத்தையும் 25 கிராம் பொட்டலமாகத் தரத் தயங்காதீர்கள். சிறு பொட்டலம் வாங்குபவர்தான் வாரம் நான்கு முறை வருவார்.

சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டிக் கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு, வெல்லத்துக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, எதிரில் நிறுத்துக் கொடுக்கும் சில்லரைக்கு இல்லை. ஆகவே 'களி செட்' என்று முன்பே கட்டி லேபிள் ஒட்டி அடுக்குவோர் வரியையும், எடை, விலை, தேதி விவரங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பட்டியலைத் துண்டுச்சீட்டில் எழுதி வைத்து, கேட்டபோது நிறுத்துக் கொடுப்பதே மேல். 2025 செப்டம்பர் 22-இல் கேக் மீதான வரி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பேக்கரிக் கேக்கோடு வீட்டுக் கேக் போட்டியிட வேண்டுமானால், நம் சரக்கு சுத்தமாகவும் புதிதாகவும் இருக்க வேண்டும்.

கடைசியாக இருப்பு. 2015 வெள்ளத்தில் எங்கள் கிடங்கில் தரையோடு அடுக்கியிருந்த மைதாவும் வெல்லமும் போயின. மேலே இருந்தவை தப்பின. அதன்பின் கட்டை போட்டு இரண்டடி உயரத்தில்தான் அடுக்குகிறோம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணை பெருகியபோது அதன் அருமை தெரிந்தது. பண்டிகைச் சரக்கை மொத்தமாக நவம்பரிலேயே இறக்காமல் இரண்டு தவணையாக எடுங்கள்.

ஒரு வீட்டில் குறைந்த செலவில் நல்ல சோறும் ஒரு பலகாரமும் ஆனால், அந்த வீடு நம் கடையை மறக்காது. லாபம் கிராமில் வரும். நம்பிக்கை சொல்லில் வரும். உறுப்பினர்கள் இந்தக் கணக்குகளைக் கல்லாப்பெட்டி அருகே எழுதி வைத்து, கேட்பவர்க்கெல்லாம் பொறுமையாகச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.