பாபேல் கோபுரமும் பறக்கும் பொறியும்

ஒருவன் தனித்து ஆக்கும் பொருளுக்கு அவன் நினைவே போதிய ஏடாகும். பலர் கூடி ஆக்கும் பொருளுக்கோ அஃது அமையாது. எடப்பாடியில் நெய்யப்படும் ஆடையொன்றை நோக்குவோம். நூல் நூற்பவர் ஒருவர், சாயமிடுபவர் மற்றொருவர், பாவு ஓட்டுபவர் வேறொருவர், தறியில் நெய்பவர் பிறிதொருவர். நூலின் நம்பர் யாது, பாவில் இழைகள் எத்தனை, கரையின் வண்ணம் எது என்பன இவரனைவர்க்கும் ஒருபடித்தாய்த் தெரிந்திருத்தல் வேண்டும். ஒருவர் பிழைபட உணரின் ஏனையோர் உழைப்பும் வீணாம்.

ஆடைக்கே இத்துணை வேண்டுமாயின், விமானத்திற்கு எத்துணை வேண்டும்! 2001ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் முதன்முதற் பறந்த தேஜஸ் என்னும் நம் நாட்டுப் போர் விமானத்தின் மார்க் 1ஏ வகையை எடுத்துக்கொள்வோம். அதனை ஒன்றுசேர்ப்பது ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம். சிறகுகளைக் கோயம்புத்தூரில் லார்சன் அண்டு டூப்ரோ செய்கின்றது. நடு உடலை ஐதராபாத்தின் வெம் டெக்னாலஜீஸ் செய்கின்றது. காற்றுப் புகுவாயிலைச் செய்வது, நூற்பாலை யந்திரங்களுக்குப் பேர்பெற்ற கோவை லட்சுமி மெஷின் ஒர்க்ஸ். வெவ்வேறிடங்களிற் பிறந்த இவ்வுறுப்புகள் ஒன்றோடொன்று மயிரிழையும் பிசகாது பொருந்துதல் வேண்டும்.

இதற்கென நிறுவனங்கள் தம்முட் பகிர்ந்துகொள்வன யாவை? உறுப்பின் வடிவம், அளவு, உலோகம், பொறுக்கத்தக்க பிழையின் எல்லை, அடுத்த உறுப்போடு கூடும் இடம் ஆகியவையே. முற்காலத்தில் இவை காகித வரைபடங்களாய் அனுப்பப்பட்டன. இக்காலத்தில் கணினிக் கோப்புகளாய்ச் செல்கின்றன. ஒரு துளையின் இடம் மாறினும், அம்மாற்றம் அதனைச் சார்ந்த அனைவர்க்கும் உடனே எட்டுதல் வேண்டும்.

எட்டாதவிடத்து நேர்வது யாது? ஏர்பஸ் ஏ380 விமானம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 530 கிலோமீட்டர் நீளக் கம்பி உண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருந்தோரும் பிரான்சின் துலூசில் இருந்தோரும் ஒரே வரைகலை மென்பொருளின் இருவேறு பதிப்புகளைக் கையாண்டனர். கம்பிகள் சில நீளம் போதாவாயின. முதல் விமானம் பெரிதுந் தாமதித்து, 2007ஆம் ஆண்டு அக்டோபரிற்றான் வாங்கினோர் கையை அடைந்தது. அமெரிக்கர் செவ்வாய்க்கு விடுத்த கலமொன்று 1999இல் அழிந்ததற்குக் காரணம், ஒரு சாரார் ஆங்கில அளவையிலும் மற்றொரு சாரார் மெட்ரிக் அளவையிலும் கணக்கிட்டமையே. பாபேலிற் கோபுரம் எழாமைக்குக் காரணம் செங்கற் குறைவன்று. ஒருவர் மொழியை மற்றவர் அறியாமையே என்பதை ஈண்டு நினைக.

இந்நோய்க்கு மருந்தாக எழுந்ததே ‘ஸ்டெப்’ எனப்படும் சர்வதேசத் தரம். ஐ.எஸ்.ஓ. 10303 என்னும் எண்ணுடைய இதன் முதற் பகுதிகள் 1994இல் வெளிவந்தன. இதன் பயனை ஒரு கணக்காற் காட்டலாம். பத்து நிறுவனங்கள் பத்து மென்பொருள்களைக் கையாளின், ஒவ்வொன்றிலிருந்தும் பிறவற்றிற்கு மாற்ற 90 மொழிபெயர்ப்பிகள் வேண்டும். பொதுமொழி ஒன்றிருப்பின், அதற்கு மாற்றவும் அதிலிருந்து மாற்றவுமாக 20 போதும்.

எனினும், பகிர்தல் என்பது அனைத்தையும் அனைவர்க்கும் வாரி வழங்குதலன்று. சிறகு செய்வோன் சிறகு கூடுமிடத்தை அறிதல் வேண்டும். பிறர் நெடுங்காலம் உழைத்துக் கண்ட தொழில் மறையை அறிய வேண்டுவதில்லை. எதனை, எவர்க்கு, எம்மட்டும் ஈவது என்பதை முன்னரே உடன்படிக்கையில் வரையறுத்தலே அறமும் அறிவுமாம்.

இஃது எங்கோ நிகழும் செய்தியன்று. 2019இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களுள் சேலமும் ஒன்று. எடப்பாடியைத் தன்னகத்தே கொண்ட மாவட்டத்தின் சிறு பட்டறைகளும் இத்தகைய பெருந்தொழிலிற் பங்குகொள்ள விழையின், கைத்திறம் மட்டும் போதாது. அளவை ஐயமின்றி வாங்கவும் வழங்கவும் அறிதல் வேண்டும். அப்பட்டறைத் தொழிலாளர் கற்பது தமிழில். ஆதலின் ஒரு பொருட்கு ஒரு சொல்லே வழங்குமாறு கலைச்சொற்களை உறுதிசெய்து தருதல் தமிழ் பயில்வோராகிய நம் கடன்.