ஏரிக்கரையில் ஓர் உழவாரப் பணி

கோடையில் பிள்ளைகளைக் காண அமெரிக்கா சென்று வரும் வாசகர்கள் நம்மிடையே பலர் உளர். நயாகராவையும் நியூயார்க்கையும் கண்டு திரும்பும் அவர்கள், அந்நாட்டின் வடஎல்லையில் கனடாவைத் தொட்டுக் கிடக்கும் ஓர் ஏரிக்காட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்புக் குறைவு. மினசோட்டா மாநிலத்தின் 'பவுண்டரி வாட்டர்ஸ்' அது. ஏறத்தாழ 11 இலட்சம் ஏக்கர் பரப்பில் 1,100-க்கும் மேற்பட்ட ஏரிகள். ஏரிக்கும் ஏரிக்கும் இடையே சாலை கிடையாது. கேனோ எனப்படும் ஒடுங்கிய துடுப்புப் படகில் ஓர் ஏரியைக் கடந்து, படகைக் கவிழ்த்துத் தோளில் சுமந்து காட்டுவழியே நடந்து, அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். ஒஜிப்வே பழங்குடியினர் பூர்ச்ச மரப்பட்டைப் படகுகளில் நெடுங்காலம் பயணித்த வழிகள் இவை. சுமந்து நடக்கும் தொலைவை அங்கு இன்றும் 'ராட்' என்னும் பழைய அளவையால்தான் குறிக்கின்றனர். ஒரு ராட் 16.5 அடி, ஏறக்குறைய ஒரு படகின் நீளம்.

இரவு தங்குவதற்கென வனத்துறை வரையறுத்துள்ள இடங்கள் 2,000-க்கும் மேல். விடுதி என்றோ குடில் என்றோ எண்ணிவிட வேண்டாம். சமைப்பதற்கு இரும்புக் கம்பித் தட்டு பொருத்திய ஓர் அடுப்பு, கரையிலிருந்து விலகி மரங்களுக்கிடையே சுவரும் கூரையுமற்ற ஒரு குழிக் கழிப்பிடம், கூடாரம் அடிக்கச் சற்றே சமமான தரை. அவ்வளவே. ஆயினும் ஆண்டுதோறும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து செல்லும் காட்டில் இந்த எளிய ஏற்பாடும் தானாக நிலைத்திராது. ஊதியம் பெறும் வனப்பணியாளர்கள் உண்டு. ஆனால் ஒரு தங்குமிடத்தை அடையவே ஓரிரு நாள் துடுப்புப் போட வேண்டிய பரப்பில் அவர்கள் எத்தனை இடங்களைத்தான் எட்ட இயலும்? எஞ்சிய பணியில் கணிசமான பங்கைத் தன்னார்வலர்கள் ஏற்கின்றனர்.

நம் கோயில்களில் உழவாரப் பணி செய்வோரை அறிந்த நமக்கு இவர்களைப் புரிந்துகொள்வது கடினமன்று. இவர்கள் செய்யும் வேலைகளில் தலையாயது எதுவெனக் கேட்டால் சிலர் முகம் சுளிக்கக்கூடும்: கழிப்பிடக் குழி தோண்டுவது. பழைய குழி நிரம்பியதும் புதிய குழி வெட்டி, இருக்கையை அதன்மேல் நகர்த்தி, பழையதை மண்ணிட்டு மூட வேண்டும். பனியாறுகள் சுரண்டிச் சென்ற நிலம் அது. மெல்லிய மண்ணுக்குக் கீழே பாறை. ஓரிடத்தில் தோண்டிப் பாறை தட்டினால் வேறோரிடம் தேட வேண்டும். அங்கும் தட்டினால் மீண்டும் முதலிலிருந்து. ஒரு குழிக்கே பாதி நாள் கழிந்துவிடுவதுண்டு. ஆயினும் இதைத் தள்ளிப்போட இயலாது. அங்கு வருவோர் ஏரி நீரையே வடிகட்டியோ கொதிக்கவைத்தோ பருகுகின்றனர். குழி நிரம்பி வழிந்தால், அல்லது மக்கள் அதைத் தவிர்த்துக் கண்ட இடத்தில் ஒதுங்கினால், கேடு வந்து சேர்வது அந்த நீருக்குத்தான்.

இவ்வளவையும் இயந்திரமின்றியே செய்கின்றனர். 1964-இல் இயற்றப்பட்ட வனாந்தரச் சட்டம் இத்தகைய காடுகளில் இயந்திரக் கருவிகளுக்குத் தடை விதிக்கிறது. விழுந்த மரத்தை அறுக்க, இருவர் எதிரெதிரே நின்று இழுக்கும் நீண்ட ரம்பமே பெரும்பாலும் துணை. அதைக் கையாளத் தன்னார்வலரும் பயிற்சி பெற்றுச் சான்று பெற வேண்டும். இது வெறும் சடங்கன்று. சாய்ந்து கிடக்கும் மரம் எப்பக்கம் இறுகி எப்பக்கம் விரிந்திருக்கிறது என்பதை அறியாமல் அறுத்தால், அது துள்ளி ஆளையே அடித்துவிடும். 1999 ஜூலை 4 அன்று வீசிய பெரும்புயலில் இக்காட்டிலும் சுற்றிலும் கோடிக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. படகு சுமந்து செல்லும் வழிகள் பல, மரக்குவியலுக்குள் மறைந்தே போயின.

கண்ணுக்கு எளிதில் தெரியாத சேதமும் ஒன்று உண்டு. கூடாரம் அடிக்கும் தரை மிதிபட்டு இறுகும். மழை மேல்மண்ணை அரிக்கும். மரவேர்கள் வெளியே தெரியத் தொடங்கும். விறகு தேடி நடப்போரின் கால்கள் புதர்களுக்குள் புதுப்புதுத் தடங்களை வகுக்கும். தன்னார்வலர்கள் அத்தடங்களின் வாயிலில் கிளைகளையும் கட்டைகளையும் இட்டு மறைக்கின்றனர். 'இங்கே நடக்காதீர்' என்று பலகை வைத்தால் எளிதாயிற்றே என நமக்குத் தோன்றலாம். காட்டின் இயல்பு கெடாதிருக்க, பலகைகளை இயன்றவரை தவிர்ப்பது அங்குள்ள வழக்கம். கிளைகள் இயல்பாக விழுந்து கிடப்பதுபோல் அமைந்தால்தான் வேலை நன்றாக முடிந்ததாகப் பொருள். அடுத்து வருபவர் அங்கே ஒருவர் உழைத்ததையே அறியமாட்டார்.

குப்பை பற்றியும் சொல்ல வேண்டும். உணவு, பானம் அடைத்த தகர டப்பாக்களுக்கும் கண்ணாடிப் புட்டிகளுக்கும் அங்கு அனுமதியில்லை. ஆயினும் அடுப்புச் சாம்பலைக் கிளறினால் கசங்கிய அலுமினியத் தாளும் உருகிய நெகிழியும் வெளிப்படுகின்றன. பொருளை முழுதாகக் கொண்டுவர வலுவிருந்தவருக்கு அதன் வெற்று உறையைத் திரும்பச் சுமக்க வலுவில்லாமற் போவது நமக்கு விளங்காத கணக்கு. அதையும் தன்னார்வலர்களே பையிலிட்டு, ஏரி ஏரியாகச் சுமந்து வெளியே கொண்டுவருகின்றனர்.

சென்று காண விழைவோர் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை இரவு தங்குவதற்கு முன்கூட்டியே அனுமதிச்சீட்டு பெற வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை குழு என ஒவ்வொரு நுழைவாயிலுக்கும் வரம்புண்டு. ஒரு குழுவில் 9 பேர், 4 படகுகளுக்கு மேல் கூடாது. புறப்படும் காலையில் அடுப்பில் நீரூற்றிக் கிளறி, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால் இன்னொரு பாத்திரம் நீர்.