கன்னத்துக்குள் ஒரு கொழுப்புக் கட்டி

முதுகிலோ தோளிலோ கொழுப்புக் கட்டி வந்தால், "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். அதுவே வாய்க்குள் வந்துவிட்டால் தூக்கம் போய்விடுகிறது. வடக்கே வசிக்கும் நமக்கு இந்தப் பயம் சற்று அதிகம். குட்கா மென்று வாய்ப்புற்றுக்கு ஆளானவர்களை அக்கம்பக்கத்தில் பார்த்திருக்கிறோம் அல்லவா!

என்னோடு ரயில்வேயில் இருந்த நண்பர் ஒருவருக்கு இடது கன்னத்தின் உட்புறம் இலந்தைப்பழ அளவில் ஒரு கட்டி. வலி இல்லை, சாப்பிடும்போது பல்லில் கடிபடும், அவ்வளவுதான். வெற்றிலை புகையிலைப் பழக்கம் உள்ளவர். ஆகவே மனைவியிடம்கூடச் சொல்லாமல் எட்டு மாதம் மறைத்து வைத்திருந்தார்.

டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்து, "சர்பி கி காண்ட் மாதிரி இருக்கிறது" என்றார். கொழுப்பு முடிச்சு. மருத்துவத்தில் லைப்போமா என்பார்கள். மெத்தென்று, இலேசான மஞ்சள் நிறத்தில், மெதுவாக வளரும். பெரும்பாலும் 40 வயதுக்கு மேல் வரும். வாயில் வரும் சாதுவான கட்டிகளில் 100-க்கு 4-ஐத் தாண்டாது. புகையிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மருந்தால் கரையாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டு, மேல்தோலைக் கீறி, உறையோடு கட்டியை விடுவித்துத் தையல் போட்டுவிடுகிறார்கள். ஒரு கவனம் தேவை. மேல்வரிசை இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, கன்னத்தில் உமிழ்நீர்க் குழாய் திறக்கிறது. பூமிக்கடியில் கேபிள் போகும் இடத்தில் தோண்டுகிறவனைப்போல அதைத் தப்பவிட்டு வெட்ட வேண்டும்.

எடுத்த கட்டியை ஃபார்மலின் பாட்டிலில் போட்டார்கள். மூழ்கவில்லை, மிதந்தது! கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது, ஆகவே மிதக்கிறது. ஆனாலும் மிதந்ததை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது. உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளும் தொட்டால் இப்படியே இருக்கக்கூடும் என்பதால் பயாப்ஸி அவசியம். ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். தசைக்குள் ஊடுருவிய சில கட்டிகள் திரும்ப வரலாம். மற்றவை அநேகமாக வருவதில்லை.

நண்பருடையது லைப்போமாதான். ஆனால் முதல் நாளே டாக்டர் வேறொன்றைக் கண்டுபிடித்தார். புகையிலையை அடக்கிவைக்கும் வலது கன்னத்தில், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு. எரிச்சல் இல்லாததால் நண்பர் அதைக் கவனித்ததே இல்லை. "கட்டியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, இதைப் பற்றித்தான்" என்றாராம் டாக்டர். இத்தகைய திட்டு சிலருக்குப் புற்றாக மாறுவதுண்டு. அதிலிருந்தும் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள், புற்று இல்லை. நண்பர் புகையிலையை விட்டுவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டி வருகிறார், இப்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு.